எட்டாம் வகுப்புப் பாடத்தை மூடி வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கும், பள்ளி நிர்வாகத்தாருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

என் மகள் உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு யூனிஃபார்ம் தைப்பது நான்தான். போன பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவை எதிர்த்து இதை எழுதுகிறேன்.

ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பெண்பிள்ளைகளிடம் உடல் வளர்ச்சி பற்றிப் பேச ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரம்மாவும் நர்ஸும் வருவதாக இருந்தது. அதை ரத்து செய்துவிட்டீர்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை வகுப்பில் நடத்த வேண்டாம், பிள்ளைகள் வீட்டிலேயே வாசித்துக்கொள்ளட்டும் என்றும் தீர்மானித்தீர்கள். நான் எழுந்து ஏன் என்று கேட்டேன். “இதெல்லாம் அம்மாமார் வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வராதீங்க” என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அப்புறம் பஸ் கட்டணம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

வீட்டில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது என் கடையில் தெரியும். பள்ளி திறக்கும் முன்னால் பிள்ளைகள் அளவெடுக்க வருவார்கள். போன வருஷம் ஓயாமல் பேசிக்கொண்டு நின்ற பிள்ளை இந்த வருஷம் தோளைக் குறுக்கி, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கும். டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்தால் வெடுக்கென்று பின்னால் நகரும். கூச்சம் மட்டும் காரணம் இல்லை, வலிக்கவும் செய்யும். மார்பு வளரத் தொடங்கும்போது காம்புக்கு அடியில் சின்னதாக ஒரு முடிச்சு போல வரும், துணி உரசினாலே நோகும். பல பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்துத்தான் வரும்.

இது தெரியாத ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவள் அம்மா முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு பக்கம் மட்டும் கட்டி இருக்கிறது என்று மகள் சொன்னதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. சொந்தத்தில் ஒருவர் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோயிருக்கிறார். அக்கம்பக்கத்தில் விசாரித்து, தனியார் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய், கையிலிருந்த கூலிப் பணத்தை எல்லாம் அங்கே கட்டினார். கடைசியில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை வளருகிறாள், வேறு ஒன்றும் இல்லை, போய் வாங்க என்று அனுப்பினார். அதற்குள் அந்தப் பிள்ளை, தான் சாகப்போகிறோம் என்று முடிவு செய்து, தன் கலர் பென்சில் பெட்டியைத் தங்கையிடம் கொடுத்து வைத்திருந்தாள். அம்மா இதை என்னிடம் சொல்லும்போது அழுதார். அந்த அம்மாவுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருடைய அம்மாவும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லிக் கொடுங்கள் என்று நீங்கள் கை காட்டுகிற வீடு இப்படித்தான் இருக்கிறது.

உங்கள் முடிவுக்குப் பிறகு நானே சுகாதார நிலையத்துக்குப் போய், நீங்கள் பள்ளியில் என்னதான் பேசுவதாக இருந்தீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். நீங்கள் ரத்து செய்தது எது என்று மற்றப் பெற்றோரும் தெரிந்துகொள்ளட்டும்.

மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டை உண்டாகும் சினைப்பைக்கு நேரம் வந்துவிட்டது என்று ஹார்மோன் வழியாகச் சொல்கிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. இது எட்டு வயதிலும் தொடங்கலாம், பதின்மூன்றிலும் தொடங்கலாம், இரண்டுமே இயல்புதான். ஒரே தோப்பில் ஒரே நாளில் வைத்த தென்னங்கன்றுகள் எல்லாம் ஒரே வருஷத்திலா பாளை விடுகின்றன? பெரும்பாலும் முதலில் மார்பு, பிறகு பிறப்புறுப்பிலும் அக்குளிலும் முடி. சில பிள்ளைகளுக்கு முடிதான் முதலில் வரும், அதுவும் சரிதான். வியர்வை நாற்றம் மாறும், முகத்தில் எண்ணெய் வடியும், பரு வரும். இடுப்பு விரியும், தொடையில் சதை போடும். வேகமாக வளருகிற இடத்தில் தோலில் கோடு கோடாக விழும். சதை போடுவதைப் பார்த்து, குண்டாகிவிட்டேன் என்று காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். தைத்துக் கொடுத்த பேண்ட் இடுப்பில் இறுக்கமானதும் என்னிடம் வந்து அழுகிறார்கள்.

மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் மாதவிலக்கு வரும். நெடுநெடுவென்று உயரம் போடுவது பெரும்பாலும் அதற்கு முந்தின வருஷம். இதை டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். கைநீளம், கால்நீளம் எல்லாம் ஒரே வருஷத்தில் போதாமல் போய், மடித்து வைத்த துணியைப் பிரித்துவிடச் சொல்லி வருகிற பிள்ளை, அடுத்த கொஞ்ச நாளில் வயதுக்கு வந்துவிட்டாள் என்று செய்தி வரும். அதன் பிறகு பெரும்பாலும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் உயரம் கூடும்.

வெள்ளைப்படுதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். முதல் மாதவிலக்குக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் முன்பிருந்தே வெள்ளையாகவோ நிறமில்லாமலோ கசிவு வரும். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ஊரில் என்ன சொல்கிறோம்? எலும்பு உருகிப் போகிறது, உடம்பு தேய்கிறது என்கிறோம். போதாததற்கு, கெட்ட நினைப்பால் வருகிறது என்று பிள்ளையையே குற்றம் சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளைக்கு இதற்காகவே மாதக்கணக்கில் கஷாயமும் லேகியமும் கொடுத்திருக்கிறார்கள். எலும்பு உருகவில்லை, அந்தப் பிள்ளைக்கு வந்தது இயல்பான கசிவு. மஞ்சள், பச்சை நிறமாக இருந்தாலோ, துர்நாற்றம், அரிப்பு, எரிச்சல் இருந்தாலோதான் டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த நாலு வரி தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை தினமும் பயந்து பயந்து ஜட்டியை ஒளித்து ஒளித்துத் துவைத்திருக்க மாட்டாள்.

முதல் மாதவிலக்கு பளிச்சென்ற சிவப்பாகத்தான் வரும் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். பல பேருக்குப் பழுப்பாக, கறுப்பாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அது என்னவென்றே புரியாமல், அழுக்கு என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் கடத்தின பிள்ளைகள் உண்டு. அடுத்த மாதம் வரவில்லை என்றால் வீட்டில் பீதி. முதல் இரண்டு வருஷம் சுழற்சி ஒழுங்குக்கு வராது, 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் எப்போது வந்தாலும் இந்த வயதில் இயல்புதான் என்கிறார் டாக்டரம்மா. இரண்டு முதல் ஏழு நாள் வரை ரத்தப்போக்கு இருக்கலாம்.

இயல்பு எது என்று தெரிந்தால்தானே இயல்பு இல்லாதது தெரியும்? எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால், பதின்மூன்று ஆகியும் வளரத் தொடங்கவில்லை என்றால், பதினைந்து ஆகியும் மாதவிலக்கு வரவில்லை என்றால், மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போனாலும், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலும் காத்திருக்கக் கூடாது. உங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை அசெம்பிளியில் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைத்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் பத்து நாள் வரை ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சரி, வயதுக்கு மீறின விஷயம் என்கிறீர்கள். கணக்குப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. என் மகளின் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வந்தாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பிலேயே வந்த பிள்ளைக்கும் நான் துணி தைத்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் எட்டாம் வகுப்பில் பாடம் வைத்ததே பல பிள்ளைகளுக்குத் தாமதம். அந்தத் தாமதமான பாடத்தையும் நீங்கள் மூடி வைக்கிறீர்கள்.

வெட்கக்கேடான பேச்சு என்று ஒரு நிர்வாகி சொன்னார். நம் ஊரில் பிள்ளை பெரியவளானால் மண்டபம் பிடிக்கிறோம். சந்திப்பில் பிள்ளையின் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். சொந்தபந்தம் எல்லாருக்கும் பத்திரிகை கொடுக்கிறோம். நான் சடங்குக்கு எதிரி இல்லை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து அந்த நாட்களில் பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்கிற ஆச்சிமாரின் அக்கறை பெரிய அக்கறை. ஆனால் ஊருக்கே சொல்லத் தகுந்த செய்தியை, அந்த உடம்புக்குச் சொந்தக்காரியான பிள்ளைக்கு மட்டும் விளக்கிச் சொல்லக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? சடங்கு வீட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்குத் தனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் இனிமேல் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, ஆண்பிள்ளைகளோடு பேசக் கூடாது என்பதுதான்.

பெண்ணின் உடம்பும் மானமும் இந்த மாவட்டத்துக்குப் புதிய பேச்சு இல்லை. மார்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக நம் முன்னோர்கள் இதே கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் அடி வாங்கினார்கள். வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து ஆணை போட வேண்டியிருந்தது. அந்தப் பாட்டிமார் கேட்டது தங்கள் உடம்பைத் தாங்களே தலைநிமிர்ந்து வைத்துக்கொள்ளும் உரிமை. அவர்களுடைய பேத்திமார் இன்றைக்கு என்னிடம் வந்து, “அக்கா, யூனிஃபார்ம் கோட்டை ரெண்டு சைஸ் பெரிசா தைச்சுத் தாங்க, நெஞ்சு தெரியக் கூடாது” என்று கேட்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, ஓடும்போது பையன்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஷாலை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய், மூச்சு வாங்க முடியாமல் கடைசியில் ஓட்டத்தையே விட்டுவிட்டாள். விளையாட்டுக்கு என்று தனியாக உள்ளாடை இருக்கிறது, அதைப் போட்டால் போதும் என்று சொல்ல அவளுக்கு ஒரு டீச்சர் இல்லை.

அந்தப் பையன்களையும் குறை சொல்லி என்ன செய்ய? அவர்களுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கும் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, அவர்களுக்கும் பயம் இருக்கிறது. அதே பாடத்தில் அவர்களைப் பற்றியும் இருக்கிறது.

புதன்கிழமை யூனிஃபார்ம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு வெள்ளை. ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள பெண்பிள்ளைகள் புதன்கிழமையை எப்படிக் கழிக்கிறார்கள் என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா? பெஞ்சிலிருந்து எழும்போதெல்லாம் பின்னால் இருக்கிறவளிடம் “கறை இருக்கா பாரு” என்று கேட்கிறார்கள். தேதி நெருங்கினால் புதன்கிழமை லீவு போடுகிறார்கள். வெள்ளை பேண்டுக்கு உள்ளே கறுப்புத் துணி வைத்துத் தைத்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள், நானும் தைத்துக் கொடுக்கிறேன். அடர் நீலத்தில் ஒரு பேண்ட் வைப்பதால் பள்ளியின் மரியாதை எந்த விதத்தில் குறையும்?

கழிப்பறையிலும் இதே கதை. பெண்கள் கழிப்பறையில் மூடி போட்ட குப்பைத் தொட்டி கிடையாது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள். காலையில் வீட்டில் மாற்றிய பேடோடு சாயங்காலம் வரைக்கும் இருக்கிறார்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு இடம் எங்கே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதவே மனம் வலிக்கிறது. தன் உடம்பின் பாகங்களுக்குப் பெயர் தெரியாத, அதைப் பற்றிப் பேசினாலே பாவம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளையிடம் ஒரு பெரிய மனுஷன் தப்பாக நடந்தால், அவள் அதை எந்த வார்த்தையில் வீட்டில் சொல்வாள்? 2012-இல் போக்சோ சட்டம் வந்தது, 1098 என்று உதவி எண் இருக்கிறது. பள்ளிச் சுவரில் அந்த எண்ணை எழுதியும் வைத்திருக்கிறீர்கள். போனை எடுத்தால் என்ன சொல்வது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்கிறீர்கள். சொல்லிக் கொடுக்காததால் கெட்டது எவ்வளவு என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாததைச் சொல்ல வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. அதில் வருவது எதையும் நீங்களோ நானோ தணிக்கை செய்ய முடியாது. டாக்டரும் டீச்சரும் சொல்வதைத் தடுத்துவிட்டு, பிள்ளைகளை அந்தப் போனிடம் விட்டுவிடுகிறீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். ரத்து செய்த நிகழ்ச்சியை இந்தப் பருவத் தேர்வுக்கு முன்னால் நடத்துங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து என்று இருந்ததை ஐந்தாம் வகுப்பிலிருந்து என்று மாற்றுங்கள். அதே நாளில் அம்மாமாருக்கும் தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள். முந்திரி ஆலைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகிறவர்களும் வர வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வைத்தால் நல்லது. பெண்பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளைப் பெயர் எழுதாமல் போட ஒரு பெட்டி வையுங்கள், டாக்டரம்மா அதைப் பிரித்துப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார், நான் கேட்டுவிட்டேன்.

‘வளரிளம் பருவமடைதல்’ பாடத்தை மற்றப் பாடங்களைப் போல வகுப்பிலேயே, பையன்களும் பெண்பிள்ளைகளும் இருக்கும்போதே நடத்தச் சொல்லுங்கள். நடத்தக் கூச்சப்படுகிற ஆசிரியர் இருந்தால் அவருக்குப் பயிற்சி கொடுங்கள், பாடத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

புதன்கிழமை வெள்ளை பேண்டை அடர் நிறத்துக்கு மாற்றுங்கள். இந்த வருஷம் ஏற்கெனவே துணி எடுத்தவர்களுக்குச் சாயம் போட்டுத் தரவோ, புதிதாகத் தைத்துத் தரவோ ஆகும் கூலியை நான் வாங்க மாட்டேன், இதை எழுத்திலேயே தருகிறேன்.

பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், தண்ணீர், மூடி போட்ட தொட்டி, அலுவலகத்தில் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி நாப்கின் வைத்த ஒரு அலமாரி. இவ்வளவுக்கும் ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

கல்வித் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு அச்சடித்துக் கொடுத்த பாடத்தை எந்தப் பள்ளியும் தன் இஷ்டத்துக்கு விட்டுவிட முடியாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். ஆய்வுக்கு வரும்போது மாணவிகளிடமே அந்தப் பாடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டிருக்கும் தாய்மாரோடு மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவிலில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவியின் தாய், தையல் தொழிலாளி,
தக்கலை வட்டாரம்